கலைக்காத இடம் சாட்சி சொல்லும்



இன்று எழுத்துப் பாடம் இல்லை. நோட்டையும் பென்சிலையும் பக்கத்தில் வையுங்கள். இன்று ஒரு பேச்சு. திருட்டு, அடிதடி, கொலை நடந்த இடத்தைப் பற்றிய பேச்சு. பயப்படாதீர்கள். அந்த இடத்தில் என்ன சாட்சி கிடக்கும், அதை எப்படிக் காப்பாற்றுவது, போலீஸ்காரர் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் நாம் என்ன செய்வது என்றுதான் பேசப் போகிறோம்.

இதை நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் செய்த ஒரு தவறு அது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பெருக்கிய துடைப்பம்

நம் மையத்துக்கு வரும் ஒரு அக்காவின் வீட்டில் திருட்டு நடந்தது உங்களுக்குத் தெரியும். அக்கா காலையில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார். மாலை வந்து பார்த்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம் இல்லை. சங்கிலி இல்லை. மகளுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு இல்லை.

அக்கா போட்ட சத்தத்தில் தெருவே உள்ளே வந்தது. ஒருவர் உடைந்த பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேர் கீழே கிடந்த புடவைகளை மடித்து வைத்தார்கள். ஒருவர் பீரோவை மூடினார். வாசலில் சேறு படிந்த செருப்புத் தடம் இருந்தது. "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன?" என்று ஒரு பெரியம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கண்ணாடி உடைந்து சிதறிக் கிடந்தது. யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று துடைப்பம் எடுத்துப் பெருக்கியது நான்தான்.

போலீசார் வந்தார்கள். கைரேகை எடுக்கும் ஒருவரும் பெட்டியோடு வந்தார். பீரோவில் பொடி தூவிப் பார்த்தார். ஒரு ரேகை மேல் இன்னொரு ரேகை. எல்லாம் நம் ரேகைகள். மூலையில் இருந்த கண்ணாடிக் குவியலைப் பார்த்தார். "யாரு குடிசித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் பெருக்கியது என்று அர்த்தம். நான் தலை குனிந்து நின்றேன். அவர் பெட்டியை மூடினார்.

நாங்கள் எல்லோரும் உதவி செய்யத்தான் போனோம். ஆனால் திருடனுக்குத்தான் உதவி செய்தோம்.

தொட்டால் ஒட்டும்

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்று ஒரு ஊர். அங்கே எட்மண்ட் லொக்கார் என்ற அறிஞர் 1910ல் ஒரு சிறிய தடய ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவர் கண்ட உண்மை இதுதான்: ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொட்டால், இதிலிருந்து அதில் கொஞ்சம் ஒட்டும், அதிலிருந்து இதில் கொஞ்சம் ஒட்டும்.

இது நமக்குப் புதிது அல்ல. கோலம் போட்டுவிட்டு வந்தால் விரலில் மாவு இருக்கிறது. பூனை பாலைக் குடித்தால் மீசையில் பால் இருக்கிறது. திருடன் ஜன்னல் வழியாக ஏறினால் சுவரில் அவன் சட்டை நூல் ஒட்டுகிறது. அவன் சட்டையில் நம் சுவரின் சுண்ணாம்பு ஒட்டுகிறது. இப்படி விட்டுப் போவதுதான் தடயம்.

மனித சாட்சி மறந்து போகலாம். பயப்படலாம். பணம் வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்லலாம். நூலுக்கும் சுண்ணாம்புக்கும் பயம் கிடையாது. ஆனால் ஒரு துடைப்பம் போதும், அவை போய்விடும்.

கைநாட்டு கேவலம் இல்லை

நம் மையத்துக்கு முதல் நாள் வந்தபோது பலரும் வெட்கத்தோடு சொன்னீர்கள்: "நான் கைநாட்டு." இப்போது கையெழுத்துப் போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தக் கட்டைவிரலைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

1858ம் ஆண்டு. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். சாலை போடப் பொருள் தருவதாக ராஜ்யதர் கோனாய் என்பவர் அவரோடு ஒப்பந்தம் செய்தார். பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதித்து வாங்கினார் ஹெர்ஷல். ரேகையைப் பற்றிய யோசனை அவருக்கு அதிலிருந்துதான் வளர்ந்தது.

பிறகு 1897ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான ரேகைகளை எப்படி வகை பிரித்து அடுக்குவது, வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது என்பது பெரிய கேள்வி. அதற்கு வழி கண்டதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பேர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. உலகம் பூராவும் அதை "ஹென்றி முறை" என்றுதான் சொன்னார்கள்.

இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை ஒன்றாக இருக்காது. பிறக்கும் முன்பே உண்டாகும் ரேகை சாகும் வரை மாறாது. கண்ணாடி, பீரோ, எவர்சில்வர் பாத்திரம், டம்ளர் போன்ற வழவழப்பான பொருள்களில் அது நன்றாகப் பதியும். அதனால்தான் தொடாதே என்கிறார்கள்.

துப்பாக்கிக்கும் இப்படி ஒரு கைநாட்டு உண்டு. சுடும்போது தோட்டாவின் கூட்டில் துப்பாக்கியின் இரும்பு ஒரு தடம் பதிக்கும். 2017 செப்டம்பர் 5ம் தேதி பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் நம் பெங்களூர் ராஜராஜேஸ்வரி நகரில், தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். 2015 ஆகஸ்ட் 30ம் தேதி தார்வாடில் அறிஞர் கலபுர்கியும் அவருடைய வீட்டிலேயே சுடப்பட்டு இறந்திருந்தார். இரண்டு இடத்திலும் கிடைத்த தோட்டாக் கூடுகளை ஆய்வகத்தில் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே நாட்டுத் துப்பாக்கியால் சுட்டவை என்று அறிக்கை சொன்னது. இரண்டு ஊர், இரண்டு ஆண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டது விரல் நுனி அளவுள்ள பித்தளைக் கூடு. யாராவது அதைக் காலால் தள்ளியிருந்தால்?

ஸ்ரீபெரும்புதூரில் பேசிய பொருள்கள்

இன்னொரு சம்பவம். பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1991 மே 21ம் தேதி இரவு. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டம். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வந்தார். மாலை போட வந்தவர்களின் நடுவே குண்டு வெடித்தது. அவரும், பணியில் இருந்த காவலர்கள் உட்படப் பலரும் அங்கேயே இறந்தார்கள்.

யார் செய்தது? எப்படிச் செய்தது? அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அருகில் நின்றவர்களில் பலர் உயிரோடு இல்லை. அந்த மைதானம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக அப்போது இருந்தவர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். அவரும் மற்ற நிபுணர்களும் அந்த இடத்தில் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். துணித் துண்டு, கம்பித் துண்டு, பேட்டரியின் துண்டு, சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். குண்டு எங்கே இருந்தது? பூமியில் புதைத்திருந்தால் பெரிய பள்ளம் விழுந்திருக்கும். அப்படி இல்லை. ஒரு பெண்ணின் உடலில் தலையும் கையும் காலும் கிடைத்தன. நடு உடல் சிதறிப் போயிருந்தது. அப்படியானால் குண்டு அவளுடைய உடம்பிலேயே இருந்தது. இடுப்புப் பட்டைபோலத் தைத்து, துணிக்குள் கட்டியிருந்தாள். இதைச் சொன்னது அந்தத் துண்டுகள்தான்.

இன்னொரு சாட்சி ஒரு கேமரா. வெடிப்பில் இறந்து கிடந்த அரிபாபு என்ற புகைப்படக்காரரின் உடல்மேல் அது இருந்தது. உள்ளே பிலிம் கெடவில்லை. கழுவிப் பார்த்தால் பத்துப் படங்கள். சந்தன மாலையோடு நின்ற அந்தப் பெண் அதில் இருந்தாள். பத்திரிகைக்காரர் போல வெள்ளை உடையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற ஓர் ஆளும் இருந்தான். அவன்தான் சிவராசன். சந்தன மாலை வாங்கிய ரசீது பின்னால் அரிபாபுவின் வீட்டில் கிடைத்தது. ஒரு சின்ன ரசீது! நாம் கசக்கி எறிவோம். நீதிமன்றத்தில் அது சாட்சியாக நின்றது.

சிவராசனின் முகம் நாடு முழுவதும் ஒட்டப்பட்டது. தேடல் கடைசியில் நம் பெங்களூருக்கே வந்தது. 1991 ஆகஸ்டில் கோணனகுண்டேயில் ஒரு வீட்டைப் படையினர் சூழ்ந்தார்கள். 20ம் தேதி விடியலில் உள்ளே போனபோது சிவராசனும் கூட இருந்த ஆறு பேரும் பிணமாகக் கிடந்தார்கள்.

ஒன்றை யோசியுங்கள். அந்த இரவு யாராவது அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருந்தால்? பிலிமைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால்?

போலீசார் என்ன செய்ய வேண்டும்

குற்றம் நடந்த இடத்துக்கு வந்ததும் முதல் வேலை கயிறோ நாடாவோ கட்டி ஆட்களை நிறுத்துவது. போகவும் வரவும் ஒரே வழி. பிறகு எதையும் தொடாமல் படம் எடுக்க வேண்டும். முதலில் முழு இடம், பிறகு பக்கத்தில், பிறகு பொருள் மட்டும். சின்னப் பொருள் என்றால் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுப்பார்கள். பிறகு வரைபடம். வடக்கு எந்தப் பக்கம், கதவிலிருந்து கத்தி எத்தனை அடி என்று அளந்து எழுதுவார்கள்.

அதன் பிறகுதான் எடுப்பது. கையுறை போட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனித்தனி உறையில். இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒன்றில் இருப்பது மற்றதில் ஒட்டிவிடும். ரத்தம் பட்ட துணியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறிப் போகும். உறைமேல் எண், தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி அரக்கு முத்திரை வைப்பார்கள்.

அங்கிருந்து அது ஸ்டேஷனுக்கு, பிறகு ஆய்வகத்துக்கு, பிறகு நீதிமன்றத்துக்குப் போகிறது. நம் ஊரில் மடிவாளாவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று எழுத வேண்டும். ரேஷன் கடையில் மூட்டை வரும் கணக்குப் போல. நடுவில் ஒரு நாள் கணக்கு இல்லை என்றால் எதிர் வக்கீல் கேட்பார்: "அன்று இது யாரிடம் இருந்தது? யாராவது மாற்றியிருந்தால்?" வழக்கு அங்கேயே ஆட்டம் காணும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. வீட்டைச் சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது அதை வீடியோ எடுக்க வேண்டும். செல்போனிலேயே எடுக்கலாம்.

நாம் என்ன செய்ய வேண்டும்

உயிர் முதலில். அடிபட்டவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் தடயம் என்று பார்க்கக் கூடாது. தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவர் எங்கே, எப்படிக் கிடந்தார் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

பிறகு 112க்குப் போன் செய்யுங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். பெருக்காதீர்கள். கழுவாதீர்கள். மடிக்காதீர்கள். அந்த வீட்டுக் குழாயையும் கழிவறையையும் பயன்படுத்தாதீர்கள். வெற்றிலை போட்டுத் துப்பாதீர்கள், பீடி எறியாதீர்கள். நம் எச்சிலும் தடயம்தான். அது தவறான தடயம்.

வாசலில் காலடித் தடம் இருக்கிறது, மழை வரும்போல இருக்கிறது. என்ன செய்வது? தடத்தில் படாமல் ஒரு பேசினைக் கவிழ்த்து வையுங்கள். ஏதாவது தொட்டுவிட்டீர்களா? மறைக்காதீர்கள். "இதை நான் தொட்டேன்" என்று போலீசாரிடம் சொல்லுங்கள். நம் ரேகையைக் கழித்துவிட்டு மற்றதைத் தேடுவார்கள்.

ஒரு கஷ்டமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ பாலியல் கொடுமை நடந்தால், குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போடத்தான் தாய் மனசு சொல்லும். வேண்டாம். அந்தத் துணிகளைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். தப்பு அவள்மேல் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

இப்போது நம் எழுத்தறிவுக்கு வேலை வருகிறது.

முதலாவது, புகார். நாம் வாயால் சொன்னால் அவர்கள் எழுத வேண்டும். எழுதியதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் கையெழுத்து. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மகஜர். சோதனை போட்டு எந்தெந்தப் பொருளை எங்கே எடுத்தார்கள் என்று எழுதும் பட்டியல். அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு பேராவது சாட்சியாக நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளை அந்தச் சாட்சி நீங்களாக இருக்கலாம். கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத்தாளில் போடாதீர்கள். நடுவில் இடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சோதனை போட்டால் அந்தப் பட்டியலின் நகல் உங்களுக்கு உண்டு.

மூன்றாவது, விசாரணையில் நாம் போலீசாரிடம் சொல்லும் வாக்குமூலம். அதில் நாம் கையெழுத்துப் போடத் தேவையில்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது. பெண்களையும், அறுபது வயது கடந்தவர்களையும், பதினைந்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அவர்களாக விரும்பினால் போகலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். ஸ்டேஷனில் கன்னடத்தில் எழுதுவார்கள். நாம் படித்தது தமிழ். கன்னடம் பேசத் தெரியும், படிக்க வராது. வெட்கப்பட வேண்டாம். "சார், ஓதி ஹேளி" என்று கேளுங்கள். படித்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கன்னடம் படிக்கும் நம் பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

அந்த அக்கா அன்று ஸ்டேஷனில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். முதல் தடவை கைநாட்டு வைக்காமல் போட்ட கையெழுத்து. எனக்கும் பெருமையாக இருந்தது. படித்துக் காட்டச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் சங்கிலி இருக்கிறது, பணம் இருக்கிறது, கொலுசு இல்லை. அழுகையில் அக்கா சொல்ல மறந்தாரா, எழுதியவர் விட்டாரா தெரியாது. மறுபடி நடந்து, மனு எழுதிக் கொடுத்துச் சேர்த்தோம்.

கொலுசு சின்ன விஷயம். எழுதாமல் விட்ட ஒரு வரி ஒரு மனிதரின் வாழ்க்கையையே கேள்வியாக்கியது உண்டு. ராஜீவ் காந்தி வழக்கில் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு. அப்போது இருந்த தடா சட்டப்படி போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியமாக எடுக்கப்பட்டது. 1998ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2013ல், வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி தியாகராஜனே வெளியில் வந்து சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்று. தூக்கு 2014ல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே 18ம் தேதி உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு அவரை விடுதலை செய்தது. நிரபராதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

ஆகவே, தடயத்தைச் சரியாக எடுப்பது குற்றவாளியைப் பிடிக்க மட்டும் இல்லை. தவறான ஆள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும்தான். நம்மைப் போன்ற ஏழைகளுக்கு இது மிகவும் முக்கியம். திருட்டு என்றதும் முதலில் சந்தேகப்படுவது வீட்டு வேலைக்குப் போகும் நம் அக்காவைத்தான். அவள் எடுக்கவில்லை என்று யார் சொல்வது? ஜன்னலில் இருக்கும் வேறு ஒருவனின் ரேகை சொல்லும். அதை யாரும் துடைக்காமல் இருந்தால்.

அக்காவின் பொருள் இன்னும் கிடைக்கவில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு மளிகைக் கடையை உடைத்தார்கள். கூட்டம் உள்ளே நுழையப் பார்த்தது. வாசலில் கையை விரித்து நின்று, "போலீஸ் வரட்டும், யாரும் உள்ளே போகாதீங்க" என்று தடுத்தது யார் தெரியுமா? இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் அக்காதான்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் திருட்டு நடந்தபோது எல்லோரும் முதலில் என்ன செய்தார்கள்? அதில் எது சரி, எது தவறு?

2. ரத்தம் பட்ட துணியை ஏன் பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது?

3. புகார், மகஜர், வாக்குமூலம். இவற்றில் எதில் நாம் கையெழுத்துப் போட வேண்டும்? எதில் தேவையில்லை?

4. உங்கள் வீட்டில் உள்ள முக்கியமான பொருள்களின் பட்டியலை உங்கள் கையாலேயே எழுதி, பத்திரமாக வையுங்கள். அடுத்த வகுப்பில் அதை உரக்கப் படித்துப் பழகுவோம்.